3,000 டாக்ஸி போதுமா? நியூயார்க் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

நியூயார்க்கில் ஓடிய 13,000-க்கும் மேற்பட்ட மஞ்சள் டாக்ஸிகள் செய்த வேலையை 3,000 வண்டிகளே செய்துவிடும். பகிர்வுப் பயணம் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் இந்த வரி வந்துவிடுகிறது. மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்தால் அந்த எண்ணுக்கு அடியில் பல நிபந்தனைகள் கிடக்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டாலும் 3,000 அப்படியே நிற்காது. எம்.இ. ப்ராஜெக்டுக்கோ முனைவர் பட்டத்துக்கோ இந்தத் துறையில் இறங்க நினைப்பவர்கள் அந்த எண்ணை மேற்கோள் காட்டுவதற்கு முன் ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பது நல்லது. சாதாரண மடிக்கணினி போதும்.

முதலில் மூன்று கட்டுரைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்திகளில் மூன்றும் ஒன்றாகக் குழைந்துதான் வருகின்றன.

முதலாவது, 2014-ல் எம்.ஐ.டி.யின் சென்ஸபிள் சிட்டி ஆய்வகத்திலிருந்து பாவ்லோ சாந்தி, கார்லோ ராட்டி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் உள்ளிட்டோர் எழுதியது. 2011-ல் மன்ஹாட்டனில் நடந்த 15 கோடிக்கும் மேலான டாக்ஸிப் பயணங்களை எடுத்து, எந்தப் பயணத்தை எதோடு சேர்க்கலாம் என்று பார்த்தார்கள். ஒவ்வொருவரும் சில நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால் மொத்தப் பயண நீளத்தை 40 சதவீதமோ அதற்கு மேலுமோ குறைக்கலாம் என்று விடை வந்தது. இதில் வண்டிகளின் எண்ணிக்கை பற்றிய பேச்சே இல்லை.

இரண்டாவதுதான் அந்த 3,000. 2017 ஜனவரியில் ஹவியர் அலோன்சோ-மோரா, சமித சமரநாயக்க, டேனியலா ரூஸ் முதலியோர் வெளியிட்டது. நான்கு பேர் அமரும் 3,000 வண்டிகளோ, பத்துப் பேர் அமரும் 2,000 வண்டிகளோ இருந்தால் 98 சதவீதத் தேவையை நிறைவேற்றலாம். சராசரிக் காத்திருப்பு 2.8 நிமிடம், சராசரித் தாமதம் 3.5 நிமிடம் என்றார்கள்.

மூன்றாவது, 2018-ல் நேச்சர் இதழில் வந்தது. இதில் யாரும் யாரோடும் இருக்கையைப் பகிர்வதில்லை. ஒரு பயணம் முடிந்த இடத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் அடுத்த பயணத்தின் தொடக்கத்துக்குப் போய்ச் சேர முடிந்தால் இரண்டையும் ஒரே வண்டியின் தலையில் கட்டுவது, அவ்வளவுதான். நாள் முழுவதற்குமான பயணங்கள் முன்கூட்டியே தெரிந்தால் 40 சதவீத வண்டிகள் மிச்சம். தெரியாமல் அவ்வப்போது முடிவெடுத்தால் 30 சதவீதம். என் கணிப்பில் மூன்றில் இதுதான் உடனே நடைமுறைக்கு வரக்கூடியது. பயணியின் பழக்கத்தை மாற்றச் சொல்லாத ஒரே கட்டுரையும் இதுதான். ஆனால் மேடையில் கைதட்டல் எப்போதும் 3,000-க்குத்தான்.

இனி தரவு. நியூயார்க் டாக்ஸி ஆணையம் பயணப் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. ஆனால் 2016 ஜூலை முதல் ஏறிய இடமும் இறங்கிய இடமும் அட்சரேகை, தீர்க்கரேகையாக இல்லை. மண்டல எண்ணாக மட்டுமே வருகின்றன. நகரம் முழுவதற்கும் மொத்தமே 263 மண்டலங்கள். இதை வைத்துக்கொண்டு பயணங்களை ஜோடி சேர்க்க முடியாது. ஒரே மண்டலத்துக்குள் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே எட்டு நிமிட வண்டித் தூரம் இருக்கலாம். துல்லியமான இடம் வேண்டும் என்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட 2010–2013 தொகுப்புதான் வழி. இல்லினாய் பல்கலைக்கழகம் அதைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஏறத்தாழ 70 கோடிப் பயணங்கள்.

துல்லியத்தைக் குறைத்ததன் பின்னணியில் தனியுரிமைக் கவலை உண்டு. 2013 பதிவுகள் வெளியே வந்தபோது டாக்ஸி எண்களை எம்டி5 முறையில் (எந்த எண்ணையும் ஒரு நிலையான குறியீடாக மாற்றும் ஒருவழிச் சூத்திரம்) மறைத்திருந்தார்கள். ஆனால் டாக்ஸி எண்களின் அமைப்பு ஊரறிந்தது. இருக்கக்கூடிய எல்லா எண்களையும் கூட்டினாலும் 2 கோடிக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் எம்டி5 போட்டு ஒப்பிட்டால் முகமூடி கழன்றுவிடும். விஜய் பாண்டுரங்கன் என்ற பொறியாளர் அதைச் செய்தும் காட்டிவிட்டார். உங்கள் ஊர்ப் பேருந்து அட்டைத் தரவை யாராவது ‘அடையாளம் நீக்கியது’ என்று சொல்லிக் கொடுத்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

சுத்தம் செய்யும் வேலைதான் பாதி வேலை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் சுழியமாக உள்ளவை, ஈஸ்ட் ஆற்றின் நடுவில் இறங்கியவை, ஏறும் முன்பே இறங்கியவை, மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் பறந்தவை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இவை எளிதில் கண்ணில் படும். படாத பிழை ஒன்று உண்டு. மன்ஹாட்டனில் வானுயர் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் 50 மீட்டரோ 100 மீட்டரோ தள்ளிக் காட்டும். அருகில் உள்ள சாலைச் சந்திப்பில் புள்ளியை ஒட்டும்போது அது பக்கத்துச் சாலையில் போய் விழும். அங்கே பெரும்பாலான அவென்யூக்கள் ஒருவழி. இரண்டு அவென்யூக்களுக்கு இடையே 250 மீட்டருக்கு மேல்கூட இருக்கும். தவறான பக்கம் ஒட்டிய புள்ளிக்கு வண்டி சுற்றிக்கொண்டு வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளும் தாமதமே ஐந்து நிமிடம் என்னும்போது இது கொஞ்சநஞ்சப் பிழை இல்லை.

பதிவுகளில் பயணிகளின் எண்ணிக்கை என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். அது ஓட்டுநர் கையால் தட்டியது. பெரும்பாலும் 1 என்றே இருக்கும். அதையாவது இருக்கைத் தேவையாகக் கணக்கில் எடுங்கள். ஒரு பதிவு ஒரு ஆள் என்று வைத்தால் நான்கு இருக்கையில் நான்கு குடும்பங்கள் உட்கார்ந்துவிடும்.

சாலை வலையமைப்பை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற பைதான் நிரல்தொகுப்பு மூலம் இறக்கலாம். மன்ஹாட்டனுக்குச் சுமார் 4,000 சந்திப்புகள் வரும். எந்தச் சந்திப்பிலிருந்தும் எந்தச் சந்திப்புக்கும் ஆகும் நேரத்தை முன்கூட்டியே அட்டவணையாக்கிவிட வேண்டும். 4,000 பெருக்கல் 4,000 என்றால் 1.6 கோடிக் கட்டங்கள். நொடிக்கணக்கில் இரண்டு பைட் முழு எண்ணாக வைத்தால் 32 எம்பி. மணிக்கு ஒன்றாக 24 அட்டவணை என்றால் 768 எம்பி. நினைவகத்தில் தாராளமாக அடங்கும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் குறுந்தடத்தைத் தேடினால் ஒரு நாள் தரவு ஒரு வாரம் ஓடும்.

அட்டவணையில் எந்த வேகத்தைப் போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வரைபடத்தில் உள்ள வேக வரம்பைப் போட்டால் எல்லாப் பயணமும் பறக்கும். வேலை நாளில் மன்ஹாட்டனின் மிட்டவுனில் சராசரி வேகம் மணிக்கு 8 கி.மீ.யைச் சுற்றித்தான். சரியான வழி டாக்ஸிப் பதிவுகளிலேயே இருக்கிறது. எல்லாச் சாலைக்கும் ஒரு தொடக்க வேகம் கொடுத்துக் குறுந்தடம் காணுங்கள். கணக்கு நேரத்தையும் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டு, தடத்தில் உள்ள சாலைகளின் வேகத்தை அந்த விகிதத்தில் ஏற்றி இறக்கி, மறுபடி தடம் காணுங்கள். மாற்றம் அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். டாக்ஸியே போகாத சாலைக்குப் பக்கத்துச் சாலைகளின் சராசரி. சாந்தி குழு பின்பற்றியதும் இதன் ஒரு வடிவத்தைத்தான்.

இனி ஜோடி சேர்ப்பு. இரண்டு பயணிகளை ஒரு வண்டியில் ஏற்ற நான்கு வரிசைகள் உண்டு: யார் முதலில் ஏறுவது என்பதற்கு இரண்டு, யார் முதலில் இறங்குவது என்பதற்கு இரண்டு. ஒருவர் இறங்கிய பிறகு மற்றவர் ஏறினால் அது பகிர்வே இல்லை. நான்கில் ஏதாவது ஒன்றிலாவது இருவரின் தாமதமும் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் அந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவே ஒரு கோடு. தனித்தனியாகப் போனால் ஆகும் நேரத்திலிருந்து சேர்ந்து போகும் நேரத்தைக் கழித்தால் வருவது அந்தக் கோட்டின் எடை.

எண்ணை வைத்துப் பார்ப்போம். மரியா 6:00:00-க்குக் கேட்கிறார், உடனே ஏறுகிறார். தனியே போனால் 14 நிமிடம். டேவிட் 6:00:40-க்குக் கேட்கிறார். தனியே 12 நிமிடம். மரியாவை ஏற்றிய வண்டி 3 நிமிடத்தில் டேவிட்டிடம் வருகிறது, 12 நிமிடத்தில் மரியாவை இறக்குகிறது, இன்னும் 2 நிமிடத்தில் டேவிட்டை இறக்குகிறது. மரியா 6:15-க்கு இறங்குகிறார். தாமதம் 1 நிமிடம். டேவிட் 6:17-க்கு இறங்குகிறார். தனியே போயிருந்தால் 6:12:40. தாமதம் 4 நிமிடம் 20 நொடி. வரம்புக்குள் இருக்கிறது. 26 நிமிட ஓட்டம் 17 ஆகிறது, எடை 9. அருமையான ஜோடி.

இப்போது வண்டி நிற்கும் நேரத்தைச் சேருங்கள். டேவிட் வண்டியைக் கண்டுபிடித்து, பையைப் போட்டு, கதவைச் சாத்த 1 நிமிடம். மரியா இறங்க 30 நொடி. டேவிட் 6:18:30-க்கு இறங்குகிறார். தாமதம் 5 நிமிடம் 50 நொடி. கோடு அறுந்துவிட்டது. 9 நிமிட மிச்சமும் போயிற்று. சாலையோ நெரிசலோ இதில் எதுவும் செய்யவில்லை. கதவு திறந்து மூடும் நேரம் ஒன்றே போதுமாக இருந்தது. நிற்கும் நேரத்தைச் சுழியமாக வைத்து ஒரு முறை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 45 நொடி வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தாலே, எத்தனை ஜோடிகள் வரம்பின் விளிம்பில் தொங்குகின்றன என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு ஓட்டங்களின் விடையும் இல்லாத ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

ஒரு நிமிடத்துக்கு 300 பயணங்கள் என்றால் 44,850 ஜோடிகள், நான்கு வரிசையில் 1,79,400 சோதனைகள். அட்டவணை இருந்தால் நொடிப்பொழுது. அடுத்த படி, கிடைத்த கோடுகளில் எவற்றை எடுப்பது என்பது. எடை அதிகமானதை முதலில் எடுக்கும் குறுக்குவழி இங்கே சரிவராது. நான்கு பயணங்கள் வரிசையாக 6, 9, 7 எடையுள்ள கோடுகளால் இணைந்திருக்கின்றன என்று வையுங்கள். 9-ஐ எடுத்தால் இரு முனைகளும் தனித்து நிற்கும்; மொத்தம் 9. அதை விட்டு 6-ஐயும் 7-ஐயும் எடுத்தால் 13. சரியான விடை தரும் முறையை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-லேயே கொடுத்துவிட்டார். நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதான் நிரல்தொகுப்பில் அது ஒரே வரி. ஆனால் அது முழுக்கப் பைதானில் எழுதியது. பயணங்கள் சில ஆயிரத்தைத் தாண்டினால் மூச்சு வாங்கும். பயணங்களும் கோடுகளும் சேர்ந்த வலையை இணைந்த துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இரண்டு பேர்வரை இப்படி. மூன்று பேர் என்றால் சிக்கலின் வகையே மாறிவிடுகிறது. எந்த அளவுக்கும் வேகமாகச் சரியான விடை தரும் முறை கைவசம் இல்லை. 2017 கட்டுரையின் உண்மையான பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. 3,000 என்ற எண் அதன் ஒரு விளைவு மட்டுமே. மூன்று பேர் ஒரு வண்டியில் போக முடியும் என்றால் அவர்களில் எந்த இருவரும் அதே வண்டியில் போக முடிந்தாக வேண்டும். இந்த எளிய உண்மையை வைத்துக் குழுக்களைக் கீழிருந்து மேலே கட்டுகிறார்கள்: முதலில் ஒருவர், பிறகு ஒத்துப்போகும் இருவர், ஒத்துப்போகும் ஜோடிகளிலிருந்து மூவர். பொருந்தாதவை முளையிலேயே கிள்ளப்படுகின்றன. மிஞ்சிய குழுக்களையும் வண்டிகளையும் முழு எண் நிரலாக்கத்தில் (விடை முழு எண்ணாகவே வர வேண்டிய, சிறந்த தேர்வைத் தேடும் கணித முறை) போட்டு 30 நொடிக்கு ஒருமுறை தீர்க்கிறார்கள். நேரம் தீர்ந்தால் அதுவரை கிடைத்த நல்ல விடையோடு நிறுத்திவிடலாம். நிஜச் சேவைக்கு இந்தக் குணம் மிக முக்கியம்.

அந்தக் கட்டுரையில் காத்திருப்பு வரம்பு 2, 5, 7 நிமிடம் என மாற்றிப் பார்க்கப்படுகிறது. மொத்தத் தாமத வரம்பு அதன் இரு மடங்கு. தாமதத்துக்குள் காத்திருப்பும் அடக்கம். 98 சதவீதம் எந்த வரம்பில், எத்தனை இருக்கையில் வந்தது என்று சொல்லாமல் 3,000-ஐ மட்டும் எடுத்துச் சொல்வது பாதி விடை. இன்னொன்று: பதிவில் இருப்பது டாக்ஸி கிடைத்தவர்களின் பயணம் மட்டுமே. மழை நாளில் ஓரத்தில் கையை நீட்டி அலுத்துப்போய் சுரங்க ரயிலுக்கு இறங்கியவர் எந்தப் பதிவிலும் இல்லை. தேவை என்று நாம் அழைப்பது, நிறைவேறிய தேவையை மட்டும்தான்.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் அலெஹாண்ட்ரோ எனாவ் தன் முனைவர் ஆய்வுக்காகத் தாமே ஊபர், லிஃப்ட் ஓட்டுநரானார். 416 பயணங்கள், 311 பயணிகளிடம் கேள்விகள். ஓடிய தூரத்தில் சுமார் 41 சதவீதம் பயணி இல்லாத வெற்று ஓட்டம். பயணிகள் இந்தச் சேவை இல்லாவிட்டால் எதில் போயிருப்பார்கள் என்று கேட்டுக் கணக்கிட்டால், சாலையில் ஓடிய வண்டித் தூரம் சுமார் 83 சதவீதம் கூடியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கிரெக் எர்ஹார்ட் குழு 2010-ஐயும் 2016-ஐயும் ஒப்பிட்டது. வேலை நாள் நெரிசலில் வண்டிகள் இழந்த நேரம் 62 சதவீதம் ஏறியிருந்தது. செயலி டாக்ஸிகள் இல்லாதிருந்தால் 22 சதவீதம்தான் ஏறியிருக்கும் என்பது அவர்கள் மாதிரியின் விடை. நியூயார்க் கணக்கும் இவையும் முரண்படவில்லை. முதலாவது இருக்கிற டாக்ஸிப் பயணிகளை அப்படியே வைத்துக்கொண்டு வண்டிகளைக் குறைக்கிறது. இவை, வண்டி எளிதாகக் கிடைத்ததும் பேருந்திலிருந்தும் நடையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களை எண்ணுகின்றன.

பகிரச் சம்மதிப்பவர் எத்தனை பேர், சம்மதித்தும் துணை கிடைக்காதவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க இன்றைக்குக் கிடைக்கும் நல்ல தரவு சிகாகோவுடையது. 2018 நவம்பர் முதலான செயலி டாக்ஸிப் பயணங்களை அந்த நகரம் வெளியிடுகிறது. பகிரச் சம்மதித்தாரா என்று ஒரு பத்தி, உண்மையில் எத்தனை பயணங்கள் சேர்ந்தன என்று இன்னொரு பத்தி. உண்மையில் சேர்ந்தவற்றைச் சம்மதித்தவற்றால் வகுத்தால் துணை கிடைக்கும் விகிதம் கையில். ஆனால் நேரம் அருகிலுள்ள 15 நிமிடத்துக்கு முழுதாக்கப்பட்டது, கட்டணம் இரண்டரை டாலருக்கு, இடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரம் அளவில். ஆள் குறைவான நேரத்தில் அதுவும் மறைக்கப்படும். மேலே சொன்ன ஐந்து நிமிட ஜோடிச் சோதனையை இதில் செய்ய முயலாதீர்கள். 2020 ஜனவரியில் சிகாகோ தனிப் பயணத்துக்கு வரியைக் கூட்டி, பகிர்வுப் பயணத்துக்குக் குறைவாக வைத்தது: நகர மையத்தில் பகல் நேரத்தில் 3 டாலருக்கு எதிராக 1.25. விலை மாறினால் மக்கள் மாறுவார்களா என்று பார்க்கத் தானாகக் கிடைத்த சோதனை. பத்து வாரம்தான் ஓடியது, மார்ச்சில் கொரோனா வந்து பகிர்வுச் சேவையையே நிறுத்திவிட்டது.

இதையெல்லாம் சென்னைக்கு அப்படியே எடுத்துவர முடியுமா என்றால், முடியாது. ஷேர் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வருவதில்லை, தடத்தில் ஓடுகிறது. எவரும் செயலியில் கேட்பதில்லை, பதிவும் இல்லை. அதற்கு வேறு கணக்கு. நிமிடத்துக்கு 2 பேர் வரும் நிறுத்தத்தில் 8 இருக்கையும் நிரம்பியபின்தான் வண்டி எடுப்பார் என்றால், முதலில் ஏறியவர் மூன்றரை நிமிடம் உட்கார்ந்திருப்பார், சராசரி ஒன்றே முக்கால். நிமிடத்துக்கு அரை ஆள் என்றால் முதலில் ஏறியவருக்கு 14 நிமிடம். அதனால்தான் மதிய நேரத்தில் பாதி நிரம்பியதும் கிளம்பி, மிச்சத்தை வழியில் பிடிக்கிறார்கள். இதை அளக்க ஜிபிஎஸ் வேண்டாம். தடத்தின் இரண்டு நிறுத்தங்களில் ஆளுக்கொரு தாளோடு நின்று, வண்டியின் கடைசி நான்கு எண், வந்த நேரம், எடுத்த நேரம், எடுக்கும்போது இருந்த தலைகள் ஆகியவற்றை எழுதினால் போதும். எண்களைப் பொருத்தினால் பயண நேரமும் வந்துவிடும். கைக்கடிகாரங்களை ஆரம்பத்திலேயே நொடிக்கு ஒத்துவைக்க வேண்டும். ஒரே வண்டி திரும்பி வருவதை எதிர்த்திசையில் எழுத மறக்கக் கூடாது. ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் எண்ண வேண்டும். மாணவர்கள் கொண்டுவரும் தாள்களில் வழக்கமாகக் காணாமல் போகிறவர் அவர்தான்.